மலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாதது

அல்வானி,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள லமாராவுக்கு,

உன் வீட்டுக்காரன் நுக்ஸார் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் கேட்காதே. அங்கே இத்தாலியில், பாரி நகரத்தில் நீயும், நீ குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிற அந்தக் கிழவியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த அம்மாள் நூறு வயது வாழட்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அவள் போய்விட்டால் உன் வேலை போகும். போகாவிட்டால் நீ வீட்டுக்கு வர மாட்டாய். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மெழுகுவர்த்தியைப் பாதியிலேயே ஊதி அணைத்துவிட்டு வருகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். ஜும்பெர் வியாழக்கிழமை வேன் எடுக்கிறான், பாலாடைக்கட்டியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். வந்து சேரத் தாமதமானால் பயப்படாதே. ஒவ்வொரு தடவையும் தெசலோனிக்கியில் அவன் வண்டி ஏன் ரிப்பேராகிறது என்பது அவன் மனைவியைத் தவிர அல்வானியில் எல்லோருக்கும் தெரியும்.

ஊர்வாயிலிருந்து உன் காதுக்கு வருமுன் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஆமையைப் பார்த்து அலறினேன். வஷ்லோவானிப் பொட்டலில், அந்த வெடித்த களிமண் பள்ளத்தாக்கின் விளிம்பில், வெயில் தாங்காமல் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு டெலிகா வண்டியின் நிழலில் படுத்திருந்தேன். காய்ந்த புல்லில் சரசரவென்று சத்தம். இந்த மாதத்தில் அங்கே விரியன் எப்படித் திரியும் என்று உனக்குத் தெரியும். ஒரு பூட்ஸை எறிந்தேன். சத்தம் நிற்கவில்லை. இன்னொன்றையும் எறிந்தேன். இரண்டும் பள்ளத்தாக்கின் அடிக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்பிறகு நான் செய்ததைத்தான் நாங்கள் கூட்டிவந்த வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடித்துவிட்டார்கள்: ஹாலந்து நாட்டுப் பல் வைத்தியர் வில்லெமின் முதுகில் ஏறிக்கொண்டேன். நெட்டையான மனிதர், நல்ல வசதி. புல்லை விலக்கிக்கொண்டு ஆமை வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பந்தலில் நீ பார்த்த அதே பார்வை.

மேய்ப்பர்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். உன் அண்ணன் ஷெத்தே மட்டும் சிரிக்கவில்லை. “மாப்ளே, எங்க அப்பா உயிரோட இருந்து இதப் பாத்திருந்தா, குடுத்த பொண்ணைத் திருப்பிக் கேட்டிருப்பாரு” என்றார். நம் மகள் பிக்ரியாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற ஜாபாதான் ஓடிவந்து என்னை வில்லெமின் முதுகிலிருந்து இறக்கினான். “மாமா, எங்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கு, இதப் போட்டுக்கோங்க” என்று தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான். அந்த இரண்டாவது ஜோடி வெறும் துணிச் சப்பாத்து என்பதைப் பிறகுதான் கவனித்தேன். கவனித்தபோது பூட்ஸ் எனக்கு அளவாகப் பொருந்தியிருந்தது. பொருந்திய பூட்ஸை எவன் கழற்றுவான்?

இந்தப் பயணத்தைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீதான் அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணி நடத்திவைத்தாய். குளிர்காலமெல்லாம் பொட்டலில் மேய்ந்த மந்தை கோடைக்கு மலையேறும்போது, அதன் பின்னாலேயே வெளிநாட்டுக்காரர்களை நடத்திக் கூட்டிப்போவது, பாலையில் ஆரம்பித்துப் பனியில் முடிப்பது என்பதெல்லாம் ஜாபாவின் யோசனை. உன் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “ஆட்டுப் புழுக்கைக்குப் பின்னால நடக்க ஆளு டிக்கெட் எடுத்து வருவானா?” என்றார். ஆறு பேர் வந்து இறங்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் உன் அண்ணன் போட்ட நிபந்தனை உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லக் கூடாதென்று பிக்ரியா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நம் பெண்ணைக் கடலோரத்துக் குரியாக்காரனுக்குக் கொடுப்பதா என்று அவர் குதித்தது உனக்குத் தெரியும். கடைசியில் இறங்கி வந்து இப்படிச் சொன்னார்: “விருந்தாளிகளையும் என் மந்தையையும் ஒண்ணுசேர்த்து மலைமேல ஒமாலோவுக்குக் கொண்டு வந்துரட்டும். அங்க விருந்துல நான் கொம்பை உயர்த்தி அவன் பேரைச் சொல்றேன். சொல்லிட்டா அவன் நம்ம ஆளு. கல்யாணத்துக்கு ஆடு நானே அறுக்கறேன். சொல்லலேன்னா அவன் கடலுக்கே திரும்பட்டும்.” ஷெத்தே கொம்பில் மது ஊற்றி ஒருவன் பெயரைச் சொன்னால் மலையில் அதற்கு மேல் பேச்சில்லை. நம் பிள்ளையின் வாழ்க்கை ஓர் ஆட்டுக்கொம்பின் விளிம்பில் நின்றது. நான் வண்டியும் ஓட்டினேன், சமையலும் பண்ணினேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஜும்பெர் உன் பொட்டலங்களைக் கொண்டுவந்தான். எனக்குப் பனியனும் ரத்த அழுத்த மாத்திரையும். பனியன் சின்னது, என்னை நீ எந்த வருஷத்து அளவில் ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். ஜாபாவுக்கென்று நீ தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாய். அதைப் பிக்ரியா எங்கள் யார் கண்ணிலும் காட்டவில்லை. உன்னோடு போனில் கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டே அவன் முதுகுப்பையை அவளே அடுக்கினாள். கம்பளிக் காலுறைக்குள் எதையோ சுற்றி அடியில் வைத்தாள். “அப்பா, சொல்லிடாதீங்க. ஒமாலோவுல பைய அவிழ்க்கறப்போ அவனுக்கே தெரியட்டும்” என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்குச் சாமர்த்தியம் உண்டு.

பொட்டல் தாண்டுகிறவரை எல்லாம் கல்யாண ஊர்வலம்போல இருந்தது. முன்னால் மணிக்கிடா, அதன் பின்னால் ஆடுகள், ஆடுகளுக்குப் பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள். செக் நாட்டிலிருந்து வந்த அக்காவும் தங்கையும் தூசியில் குளித்து, கண் மட்டும் தெரிய, “இன்னும் கஷ்டமாக ஏதாவது உண்டா?” என்று ஜாபாவிடம் தினமும் கேட்டார்கள். காசு கொடுத்துக் கால் கொப்புளம் வாங்குகிற ஜாதி, லமாரா. அவர்களுக்குத் திருப்தி வரட்டுமென்று நான் சூப்பில் உப்பைக் குறைத்துவிடுவேன்.

கணவாய் அடிவாரத்தில் ஜாபா எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினான். அவன் கடற்கரைப் பையன், பன்றிக் கொழுப்பில் பொரித்துத் தின்று வளர்ந்தவன். ஆனாலும் நம்மைவிடப் பயபக்தியாகச் சொன்னான். கீழே என்ன வேண்டுமானாலும் தின்னுங்கள், கணவாய்க்கு மேலே துஷ் மலையில் பன்றிக்கறி ஒரு துண்டுகூடப் போகக் கூடாது, போனால் மலை பழிவாங்கும் என்று மேய்ப்பர்கள் நம்புகிறார்கள், தயவுசெய்து இருப்பதை எடுத்துக் கொடுங்கள் என்றான். வில்லெம் கண்ணீர் வராத குறையாக ஒரு பொட்டலம் பன்றி வறுவலை எடுத்து நீட்டினார். அதை நான்தான் வாங்கி, அங்கேயே, விதிப்படி, கணவாய்க்குக் கீழே தின்று முடித்தேன். தன் பையை ஜாபா திறந்து பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

இனிமேல் எழுதுவதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

அபானோ ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனதும் மழை பனியாகிக் குத்த ஆரம்பித்தது. நான் வண்டியோடு முன்னால் போய் உச்சியில், நேர்ந்துவிட்ட ஆட்டுக்கொம்புகள் குவிந்த அந்தக் கொம்புக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வளைவு வளைவாக மந்தை ஏறி வருவது தெரிந்தது. கடைசி வளைவில் மணிக்கிடா வழுக்கியது. விழும்போதுகூட மணிச்சத்தம் ஒழுங்காகக் கேட்டது. அது விழுந்தால் பின்னால் வருகிற ஆடு என்ன செய்யும்? அது போன வழிதான் வழி என்று ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. மேய்ப்பர்கள் கத்தினார்கள், நாய்கள் குறுக்கே பாய்ந்தன, ஜாபா விளிம்பில் குப்புற விழுந்து ஆடுகளைக் காலைப் பிடித்து இழுத்துப் பின்னால் எறிந்தான். அவன் இல்லாவிட்டால் பாதி மந்தை போயிருக்கும். இதை நான் இப்போது எழுதுகிறேன். அங்கே யாரும் சொல்லவில்லை.

ஷெத்தே விளிம்பில் நின்று கீழே பார்த்தார். அந்தக் கிடாவைக் குட்டியிலிருந்து தன் கோட்டுக்குள் வைத்து வளர்த்தவர். உன் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, லமாரா. அன்றைக்கும் பனி முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் அழுதாரா என்று சத்தியம் பண்ண முடியாது. திரும்பி வந்து ஒரே வார்த்தை சொன்னார்: “பைய அவிழுங்க.”

உனக்குத் தெரியும், மலையில் கெட்டது கூட்டமாக வந்தால் கொம்புக் கல் முன்னால் எல்லோர் பையும் திறக்கப்பட வேண்டும். ஷெத்தே தன் பையையே முதலில் கவிழ்த்தார். மேய்ப்பர்கள் கவிழ்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேரும் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஆனால் முகமெல்லாம் பூரிப்பாக, வரிசையில் நின்றார்கள். தங்கள் உள்ளாடைகள் ஆட்டுக்கொம்புகளுக்கு முன்னால் பரப்பப்படுவதைச் செக் அக்கா படம் எடுத்துக்கொண்டாள்.

கடைசியாக ஜாபாவின் பை. ஷெத்தே கைத்தடியாலேயே கிளறினார். கம்பளிக் காலுறை உருண்டது. காலுறைக்குள்ளிருந்து முழங்கை நீளத்தில், தடியாக, ஒரு கறிச்சுருள் வெளியே வந்தது. மேலே ஜும்பெர் ஒட்டிய சீட்டு. அவன் கொட்டைக் கொட்டையான எழுத்தில் “ஜாபாவுக்கு”. அதைச் சுற்றி ஏதோ இத்தாலி எழுத்து. எங்களில் யாருக்கு இத்தாலி தெரியும்? கறிச்சுருள் என்றால் பன்றிதான், அது போதும்.

“ஜாபாவுக்கு” என்று ஷெத்தே நிதானமாகப் படித்தார். “எல்லார் பையும் தொறக்கச் சொன்னவனே, உன் பைக்குள்ள இது என்னடா?”

ஒரு மேய்ப்பன், “கடலோர மாப்பிள்ளை, மீனாவது கொண்டாந்திருக்கலாமே! எங்க ஆடுங்களுக்கு நீச்சல் சொல்லிக்குடுத்திருப்பே” என்றான். இன்னொருவன், “பன்னிக்குத் தொணையா இருபது ஆடு அனுப்பிவச்சிட்டான்யா” என்றான். இந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது அவர்களுக்கு. எனக்கும் கொஞ்சம் வந்தது. பயத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

“யாரு குடுத்தா?” என்று கேட்டார் ஷெத்தே.

ஜாபா காலுறையைப் பார்த்தான். பிக்ரியா பின்னிய காலுறை. சீட்டைப் பார்த்தான். ஜும்பெர் வேனில் தனக்குப் பொட்டலம் அனுப்ப இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். உன் பெயரைச் சொன்னால் உன் அண்ணன் முன்னால் உனக்குத் தலைகுனிவு, பிக்ரியா பெயரைச் சொன்னால் அவளுக்கு. அவன் கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் அப்போது பேசியிருக்கலாம். வாயில் ரொட்டி இருந்தது.

“என்னோடதுதான்” என்றான்.

“தெரிஞ்சே கொண்டாந்தியா?”

“என்னோடதுதான், பெரியவரே.”

அதற்கு மேல் ஷெத்தே அவனிடம் பேசவில்லை. கல்லிடம் பேசினார். கறி கொண்டுவந்தவன் வந்த வழியே இறங்கிப் போக வேண்டும். குதிரை கிடையாது, வண்டி கிடையாது, மந்தையின் ரொட்டி கிடையாது. கீழே ஆற்றுப் பாலத்தைத் தாண்டுகிறவரை யாரும் கூடப் போகக் கூடாது. நம் பாட்டன் காலத்தில் யாரையோ அப்படி இறக்கிவிட்டதாகக் கேட்டிருக்கிறோம். அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. “மச்சான், பனி விடட்டுமே” என்றேன். ஷெத்தே கையை நீட்டினார். அவர் கேட்டது வண்டிச் சாவியை. கொடுத்தேன். அதைக் கோட்டின் உள்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். அப்புறம் ஜாபா கிளம்பும்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். துணிச் சப்பாத்து ஏற்கெனவே நனைந்து ஊதியிருந்தது. கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று குனிந்தேன். கயிறு பனியில் இறுகியிருந்தது. நிமிர்ந்தபோது அவன் முதல் வளைவைத் தாண்டியிருந்தான். போகும்போது வெளிநாட்டுக்காரர்களிடம், “கவலைப்படாதீங்க, இனிமே மாமா பாத்துப்பாரு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கேள், லமாரா. அவன் போன சிறிது நேரத்தில் பனி நின்றுவிட்டது. மேகம் கிழிந்து வெயில் அடித்தது. மலை முழுக்க வெள்ளி பூசியதுபோல் ஆயிற்று. ஷெத்தே சிலுவை போட்டுக்கொண்டார், “பாத்தீங்களாடா?” என்றார். பாத்தோம் என்று எல்லோரும் சொன்னோம். வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். மெய்யாகவே தட்டினார்கள். வில்லெம் கண் கலங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இந்தச் சடங்கு எல்லாப் பயணத்திலும் உண்டா, எங்களுக்காக மட்டும் வைத்தீர்களா?” என்று கேட்டார். உண்டு என்றேன். வேறு என்ன சொல்ல? ஜாபா வண்டியில் வேறு வழியாக வந்து ஒமாலோவில் நிற்பான் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விருந்தில் அவனுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார்கள்.

விருந்தில் ஷெத்தே கொம்பை உயர்த்தினார். மணிக்கிடாவுக்கு ஒரு தடவை, செத்துப்போன உன் அப்பாவுக்கு ஒரு தடவை, வில்லெமுக்கும் அவர் பல்லுக்கும் ஒரு தடவை. நானும் குடித்தேன். சாவி அவர் கோட்டுக்குள் இருந்தது, கோட்டு அவர் முதுகில் இருந்தது, என் முன்னால் சச்சாச் சாராயம் இருந்தது. ஒவ்வொரு கொம்புக்கும் எழுந்து நின்றேன், ஜாபாவின் பூட்ஸில்.

கணவாய் உச்சியில் விட்டுவந்த வண்டிக்கு மறுநாள்தான் சாவி கிடைத்தது. அந்தக் கறிச்சுருளைக் கீழே கொண்டுபோய்ப் புதைக்கிற வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். இறங்கி வந்தால் பாலத்துக்கு வெகு மேலேயே, பனி தள்ளுகிற புல்டோசர்க்காரன் ஓமர் வண்டியை நிறுத்திக்கொண்டு என்னைத் திட்டக் காத்திருந்தான். காலையில் மதகுக் குழாய்க்குள் ஜாபாவைக் கண்டெடுத்துத் தெலாவி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறான். “மொதல்ல செத்த ஆடுன்னு நெனச்சேன்யா. காலைப் பிடிச்சு இழுத்தேன். ‘தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க’ங்குது” என்றான். வழுக்கி விழுந்து முட்டி நொறுங்கியிருக்கிறது. கால் விரல்களில் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். முட்டிக்குள் இரும்பு வைத்திருக்கிறார்கள். கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். “கடலோரத்துலதானே இருக்கப் போறான், அங்க எல்லாம் சமதரை” என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். மலை காட்டிப் பிழைக்கிறவன் என்று அவருக்குத் தெரியாது.

பிக்ரியா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றாள். நான் ஓடிப்போய், விழுந்தது எப்படி, பனி எப்படி, மாமாவின் கோபம் எப்படி என்று நீளமாகச் சொன்னேன். நடுவில் அந்த ஆமைக் கதையையும் சொல்லிவிட்டேன்; அவள் சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அப்பா, நீங்க அங்கயேதானே இருந்தீங்க?” பிறகு என் காலைப் பார்த்தாள். பூட்ஸைத்தான் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. போன வாரம் அவன் அம்மா வந்து அவனைக் குரியாவுக்கு அழைத்துப்போனாள். பிக்ரியாவும் கூடப் போய்விட்டாள். நான் ஆற்றங்கரையில் வண்டி கழுவிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்து பெட்டி கட்டியிருக்கிறாள். அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஜூன் மாதத்தில் குளிர்காலக் கோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், லமாரா.

இங்கே மற்ற செய்தி. எதிர்வீட்டு நானுலி புதுப் பல் கட்டிக்கொண்டாள். இப்போது சாவு வீட்டிலும் சிரிக்கிறாள். உன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வில்லெம் ஊருக்குப் போய் நம்மைப் பற்றி இணையத்தில் பிரமாதமாக எழுதியிருக்கிறார். பாலை நன்று, பனி நன்று, சமையல் சுமார், ஆனால் குற்றவாளியைக் கணவாயிலிருந்து இறக்கிவிடும் புராதனச் சடங்கைக் காண்பதற்கே போகலாம் என்று. அதைப் படித்துவிட்டு அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஆட்கள் கேட்கிறார்கள். உன் அண்ணன் நேற்று வந்திருந்தார். ஜாபாவின் கால் எப்படி என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “மாப்ளே, அடுத்த வருஷம் எறங்கிப்போறதுக்கு ஒரு ஆளு வேணும். ஒனக்கு நல்லா நடிக்க வரும். ரெண்டாவது வளைவுல வண்டி நிப்பாட்டி வைக்கறேன்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, “அந்தப் பய ஆட்டைக் காலைப் பிடிச்சு இழுத்தானே, நான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீயே சொல்.

அந்தப் பொட்டலத்தை நீ ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்பது வருஷம் அந்நிய நாட்டில் இருக்கிறாய், மலையின் சட்டம் மறந்து போகும். யாரிடமும் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. ஜாபா சொல்லவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை. அவன் சொல்லாதது வேறு ரகம், நான் சொல்லாதது வேறு ரகம் என்று நீ சொல்வாய். கடிதத்தில் அது எனக்குக் கேட்காது.

பிக்ரியா உன் போனை எடுப்பாள். எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவளுடைய கம்பளித் தொப்பி இங்கேயே விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொல். கடற்கரையில் ஈரக் காற்று, காதுக்குள் போனால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. தொப்பியைக் கொண்டுவந்து தர அப்பா வரட்டுமா என்று கேள். வாசலுக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே வரச் சொல்ல வேண்டாம். பூட்ஸும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்றாவது அவனுக்கு உதவுமா என்று தெரியவில்லை.

உன் கைவலி குறையட்டும். கிழவியம்மாவைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே. உன் தலைக்கு மேல் எப்போதும் நல்ல கூரை இருக்கட்டும், அது என் கூரையாக இல்லாவிட்டாலும்.

உன்,
நுக்ஸார்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்ததும் பசித்தது. அந்தக் கறிச்சுருளைப் புதைக்காமல் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். நல்ல சாமானை யார் மண்ணில் போடுவார்கள்? வெட்டுவதற்கு முன்னால் குழாயில் காட்டிக் கழுவினேன். ஜும்பெர் ஒட்டிய சீட்டு ஊறி உரிந்து வந்துவிட்டது. அடியில் வான்கோழிப் படம் போட்டிருக்கிறது.